காசு இருந்தால்தான் பந்து! - அமெரிக்கக் கால்பந்தின் விநோத நிலைமை

2017 அக்டோபர் 10. டிரினிடாட் தீவில் உள்ள கூவா என்ற ஊர். அரங்கில் பெரும்பாலான இருக்கைகள் காலி. முந்தின நாள் மழையில் மைதானத்தைச் சுற்றியிருந்த ஓட்டப்பாதை குளம் போல நின்றிருந்தது. அமெரிக்க அணிக்குத் தேவைப்பட்டது ஒரு டிரா மட்டும். எதிரே ஆடியது புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்தில் இருந்த, உலகக் கோப்பை வாய்ப்பை ஏற்கெனவே இழந்துவிட்ட டிரினிடாட் அணி.

முடிவு? டிரினிடாட் 2, அமெரிக்கா 1.

1990 முதல் 2014 வரை தொடர்ந்து ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய அமெரிக்கா, 2018 ரஷ்யப் போட்டியை டிவியில்தான் பார்த்தது. முப்பது கோடிக்கு மேல் மக்கள், உலகிலேயே பெரிய பணக்கார நாடு, ஒலிம்பிக்கில் பதக்கங்களை வாரிக் குவிக்கும் நாடு. அங்கே பந்தை ஒழுங்காக உதைக்கப் பதினோரு பேர் கிடைக்கவில்லையா என்று உலகமே கேலி செய்தது.

கேலி இருக்கட்டும். கேள்வி நியாயமானது. அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள்தான் சரியில்லை.

ஆள் இல்லையா?

முதல் பதில்: "அமெரிக்கர்களுக்குக் கால்பந்தில் ஆர்வம் கிடையாது. அவர்களுக்கு ஃபுட்பால் என்றால் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் முட்டை வடிவப் பந்துதான். இது வெறும் சாக்கர்."

ஃபிஃபா 2006-இல் உலகம் முழுக்க எடுத்த கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு தவறு என்று தெரியும். அதன்படி கால்பந்து ஆடுபவர்களின் எண்ணிக்கையில் சீனா முதலிடம், சுமார் 2.6 கோடி பேர். இரண்டாவது இடம் அமெரிக்காவுக்கு, சுமார் 2.4 கோடி பேர்! ஜெர்மனியில்கூட சுமார் 1.6 கோடிதான். ஆக, ஆடுவதற்கு ஆள் இருக்கிறது.

இரண்டாவது பதில்: "நல்ல உடல்வாகு உள்ள பையன்கள் எல்லாம் கூடைப்பந்துக்கும் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் போய்விடுகிறார்கள்."

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கால்பந்துக்கு ஆறரை அடி உயரம் தேவையில்லை. மெஸ்ஸியின் உயரம் 170 செ.மீ. தான். அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அந்தப் பையன்கள் ஏன் கூடைப்பந்துக்குப் போகிறார்கள்? தெருமுனைப் பூங்காவில் ஒரு வளையம் இருக்கிறது. பள்ளியில் டீம் இருக்கிறது. கோச் இருக்கிறார். காசும் பெரிதாக ஆகாது. உலகம் முழுக்க ஏழைகளின் விளையாட்டு என்று பெயர் வாங்கிய கால்பந்து, அமெரிக்காவில் மட்டும் வசதியானவர்களின் விளையாட்டாக மாறிப் போயிருக்கிறது. பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

அமெரிக்காவில் ஒரு சிறுவன் தீவிரமாகக் கால்பந்து ஆட வேண்டும் என்றால் ஏதாவது ஒரு தனியார் கிளப்பில் சேர வேண்டும். கிளப்புக்கு ஆண்டுக் கட்டணம். சீருடைக்குத் தனிக் காசு. அப்புறம் டோர்னமெண்ட். அதற்குப் பக்கத்து மாநிலம் வரை காரிலோ விமானத்திலோ போக வேண்டும். ஓட்டல் செலவு, பெட்ரோல் செலவு. எல்லாம் சேர்த்தால் மேல்மட்டக் கிளப்புகளில் ஒரு பையனுக்கு வருடத்துக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிவிடும். இரண்டு பிள்ளைகள் இருந்தால்? கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள்.

"ஏழைப் பிள்ளைகள் வர முடியவில்லை" என்பது இதில் வெளிப்படையாகத் தெரியும் பாதிப்பு. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதிப்பும் உண்டு.

கோச்சின் சம்பளம் பெற்றோரின் பாக்கெட்டிலிருந்து வருகிறது. அப்படியானால் கோச் யாரைத் திருப்திப்படுத்துவார்? பெற்றோரைத்தான். பெற்றோருக்கு என்ன வேண்டும்? கொடுத்த காசுக்குக் கண்ணெதிரே ஏதாவது தெரிய வேண்டும். அதாவது கோப்பை. பத்து வயதுப் பையன்களின் ஆட்டத்தில் கோப்பை வாங்க எளிய வழி ஒன்று இருக்கிறது. வயதுக்கு மீறி வளர்ந்த, வேகமாக ஓடும் பையன்களைச் சேர்த்துக்கொண்டு, பந்தை நீளமாக அடித்துத் துரத்தச் சொல்வது. நெருக்கடியில் பந்தை நிதானமாக வாங்கி, திரும்பி, சரியான ஆளுக்குக் கொடுக்கக் கற்றுக்கொள்ளும் பையன் முதல் இரண்டு வருடம் பந்தை இழந்துகொண்டே இருப்பான். அவனுடைய டீம் தோற்கும். தோற்றால் அடுத்த வருடம் பெற்றோர்கள் பக்கத்துக் கிளப்புக்குப் போய்விடுவார்கள்.

பதினெட்டு வயதில் அந்தக் குள்ளப் பையன் பெரிய ஆட்டக்காரன் ஆனால் கிளப்புக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. அவனை யாராவது வாங்கினால் அதில் கிளப்புக்குப் பங்கு வருவதில்லை.

ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் கணக்கு வேறு. அங்கே பெரிய கிளப்பின் அகாடமியில் பையனுக்குச் செலவழிப்பது அந்தக் கிளப். அவன் நன்றாக ஆடினால்தான் போட்ட காசு திரும்ப வரும். அதனால் பத்து வயதுக் கோப்பையைவிட இருபது வயது ஆட்டக்காரன்தான் அவர்களுக்கு முக்கியம். அந்தக் கிளப்புகள் தர்ம சிந்தனையால் இதைச் செய்யவில்லை, லாபத்துக்காகத்தான் செய்கின்றன. ஆனால் அவர்களுடைய லாபமும் பையனின் வளர்ச்சியும் ஒரே திசையில் போகின்றன. அமெரிக்காவில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

டெம்ப்சியின் கதை

கிளிண்ட் டெம்ப்சி. லாண்டன் டோனவனுக்கு இணையாக, அமெரிக்க அணிக்காக 57 கோல் அடித்தவர். 2006, 2010, 2014 என மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் போட்டவர்.

இவர் பிறந்தது டெக்சாஸ் மாநிலத்தின் நாகடோச்சஸ் என்ற சிறிய ஊரில். வளர்ந்தது தாத்தா பாட்டி வீட்டு இடத்தில் நிறுத்தப்பட்டிருந்த டிரெய்லர் வீட்டில். ஆட்டம் கற்றது மெக்சிகோவிலிருந்து குடியேறிய தொழிலாளிகளோடும் அவர்கள் பிள்ளைகளோடும். நல்ல கிளப் வேண்டும் என்றால் டல்லாஸ் போக வேண்டும். ஒரு வழிக்கே மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அக்காவும் டென்னிஸில் கெட்டிக்காரி. இரண்டு பிள்ளைகளின் செலவையும் தாங்க முடியாமல் டெம்ப்சி ஒரு கட்டத்தில் கிளப்பை விட்டு நிற்க வேண்டியிருந்தது. 1995-இல் அக்கா பதினாறு வயதில் திடீரென்று இறந்துபோனார். அதன் பிறகுதான் அவர் மீண்டும் டல்லாஸ் கிளப்புக்குப் போனார். டீமில் இருந்த மற்ற பையன்களின் பெற்றோர் போக்குவரத்துக்கும் செலவுக்கும் கை கொடுத்தார்கள்.

அமெரிக்காவின் மிகச் சிறந்த கோல் அடிப்பாளர்களில் ஒருவர், அறிமுகமானவர்களின் நல்ல மனதால் மட்டுமே தப்பித்து வந்திருக்கிறார். "பார்த்தீர்களா, திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடலாம்" என்று சிலர் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஒரு முறை இருட்டில் கிணற்றைத் தாண்டிவிட்டவரைக் காட்டி, கிணற்றுக்குச் சுவர் தேவையில்லை என்று சொல்வது போல இருக்கிறது இது!

முயற்சி செய்யவே இல்லையா?

செய்தார்கள். 1998-இல் போர்த்துகீசியப் பயிற்சியாளர் கார்லோஸ் கேரோஷை வைத்து ஒரு திட்ட அறிக்கை தயாரித்தார்கள். 2010-க்குள் உலகக் கோப்பையை வெல்வது இலக்கு. (2010-இல் நடந்தது என்ன? இரண்டாவது சுற்றில் கானா அணியிடம் தோற்று ஊருக்குத் திரும்பினார்கள்.)

1999-இல் புளோரிடாவின் பிராடென்டனில் 17 வயதுக்குட்பட்ட பையன்களைத் தங்கவைத்து, படிக்கவைத்து, தேசிய சங்கத்தின் செலவில் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார்கள். அதே வருடம் நியூசிலாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அமெரிக்கா நான்காம் இடம். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது டோனவனுக்கு, இரண்டாவது விருது டாமார்கஸ் பீஸ்லிக்கு. 2002 உலகக் கோப்பையில் இருவரும் இருபது வயதில் ஆடினார்கள். அமெரிக்கா காலிறுதி வரை போய் ஜெர்மனியிடம் 1-0 என்று தோற்றது. பையன்களுக்குப் பதிலாக வேறொருவர் செலவை ஏற்றுக்கொண்டபோது மூன்றே வருடத்தில் பலன் கிடைத்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆனால் இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு விடுதியில் எத்தனை பேரைச் சேர்க்க முடியும்? யாரைச் சேர்ப்பது என்று பார்க்கப் போனதும் பெரும்பாலும் காசு கட்டி ஆடும் அதே கிளப்புகளுக்குத்தான். 2017-இல் அந்த விடுதித் திட்டம் மூடப்பட்டது.

அதே காலத்தில் இன்னொரு தவறும் நடந்தது. கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஃப்ரெடி அடு என்ற பையனை 14 வயதில் தொழில்முறை லீகான எம்.எல்.எஸ்.-இல் ஆட வைத்தார்கள். 2004-இல் பத்திரிகைகள் எல்லாம் அவரை அடுத்த பீலே என்று கொண்டாடின. பீலேவுடன் விளம்பரப் படத்தில்கூட நடித்தார். பிறகு போர்ச்சுகலின் பென்ஃபிகா முதல் எத்தனையோ கிளப் மாறியும் எங்கும் நிலைக்கவில்லை. வளர்க்கும் அமைப்பு இல்லாத நாடு, ஒரே பையனின் தோளில் மொத்த நம்பிக்கையையும் ஏற்றி வைத்தது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது சரி. ஆனால் முளைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அறுவடைத் தேதியை முளையிலேயே அறிவிக்கக் கூடாது.

2007-இல் தேசிய சங்கம் டெவலப்மெண்ட் அகாடமி என்ற லீகை ஆரம்பித்தது. டோர்னமெண்ட் அலைச்சலைக் குறைத்து, வருடத்தில் பத்து மாதம் பயிற்சி என்று ஒழுங்கு கொண்டு வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் அதில் இருந்த பல கிளப்புகள் கட்டணம் வாங்குவதை நிறுத்தவில்லை. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில் அதுவும் மூடப்பட்டது.

உண்மையில் நிலைமையை மாற்ற ஆரம்பித்தது வேறொரு விதி. 2008-இல் எம்.எல்.எஸ்., சொந்த அகாடமியில் வளர்த்த பையனை அந்த அணியே நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்றது. அதற்கு முன் யார் வளர்த்தாலும் பையன் பொது ஏலத்துக்குப் போவது போலத்தான். விதி மாறியதும் வளர்ப்பதில் லாபம் பிறந்தது. எம்.எல்.எஸ். அகாடமிகள் பெரும்பாலும் இலவசமாயின. டல்லாஸ் அகாடமியிலிருந்து வெஸ்டன் மெக்கென்னி, நியூயார்க்கிலிருந்து டைலர் ஆடம்ஸ், பிலடெல்பியாவிலிருந்து பிரெண்டன் ஆரன்சன் என்று வரிசையாக ஐரோப்பாவுக்குப் போனார்கள். 2022 உலகக் கோப்பையில் இருந்த மிக இளமையான அணிகளில் ஒன்று அமெரிக்காவுடையது. இரண்டாவது சுற்று வரை போனது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா?

இன்னும் இல்லை. 2025-இல் எம்.எல்.எஸ். அணிகளின் எண்ணிக்கை 30. அதில் மூன்று கனடாவில். மீதி 27 அணிகளின் நகரங்களுக்கு வெளியே இருக்கும் பையன் என்ன செய்வான்? எல் பாசோ பகுதியில், மெக்சிகோவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்த ரிக்கார்டோ பெப்பி, சுமார் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டல்லாஸ் அகாடமியில் சேர்ந்தார். 2022 ஜனவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் அவரைப் பெரும் தொகைக்கு வாங்கியது. எத்தனை குடும்பங்களால் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப முடியும்? தவிர, அகாடமிகள் பையன்களைப் பெரும்பாலும் 12, 13 வயதில்தான் எடுக்கின்றன. அதுவரை அவன் எங்கே ஆடுவான்? மறுபடியும் காசு கட்டும் கிளப்பில்தான்!

கிறிஸ்டியன் புலிசிக்கை உதாரணம் காட்டுபவர்கள் உண்டு. அபாரமான ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய அப்பா, அம்மா இருவருமே கல்லூரி அணிகளில் ஆடியவர்கள், அப்பா கோச்சும்கூட. சிறுவயதில் ஒரு வருடம் இங்கிலாந்தில் வளர்ந்தார். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பொதுவாக வெளிநாட்டுக் கிளப்பில் சேர முடியாது என்பது ஃபிஃபா விதி. தாத்தா வழியில் குரோஷியா பாஸ்போர்ட் கிடைத்ததால் புலிசிக் 16 வயதிலேயே டார்ட்மண்ட் போக முடிந்தது. இவை எல்லாம் அமைந்த பிள்ளைகள் எத்தனை பேர்?

2022 அணியில் இன்னொரு விஷயமும் இருந்தது. செர்ஜினோ டெஸ்ட் நெதர்லாந்திலும், ஆன்டனி ராபின்சன் இங்கிலாந்திலும், யூனுஸ் மூசா இத்தாலியிலும் இங்கிலாந்திலும் வளர்ந்தவர்கள். அவர்களும் அமெரிக்கர்கள்தான், ஆட முழு உரிமை உள்ளவர்கள்தான். ஆனால் அவர்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்த பெருமை வேறு நாடுகளுடையது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

2000 ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி தன் பிரிவில் கடைசி இடம். அவமானம் தாங்காமல் இரண்டு காரியம் செய்தார்கள். பெரிய கிளப்புகள் எல்லாம் அகாடமி நடத்தியே ஆக வேண்டும் என்று விதி போட்டார்கள். நாடு முழுக்க 350-க்கும் மேற்பட்ட இடங்களில் சங்கமே பயிற்சி மையம் திறந்தது, சின்ன ஊர்ப் பையனும் தவறிப் போகக் கூடாது என்பதற்காக. 2014-இல் உலகக் கோப்பை அவர்கள் கையில்.

ஐஸ்லாந்தின் மக்கள் தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. பனிக்காலத்திலும் ஆட, கூரை போட்ட மைதானங்கள் கட்டினார்கள். சிறுவர்களுக்குக்கூட லைசென்ஸ் பெற்ற, சம்பளம் வாங்கும் கோச்சுகளை வைத்தார்கள். ரெய்க்யாவிக் நகரசபை விளையாட்டுக் கட்டணத்துக்குப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. 2016-இல் இங்கிலாந்தைத் தோற்கடித்தார்கள். 2018 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். ஆம், அமெரிக்கா தவறவிட்ட அதே கோப்பை!

பெண்கள் அணி ஜெயிக்கிறதே?

நல்ல கேள்வி. 1991, 1999, 2015, 2019 என நான்கு உலகக் கோப்பைகள். அவர்களும் இதே காசு கட்டும் கிளப்புகளில் வளர்ந்தவர்கள்தானே?

ஆனால் அந்த வெற்றிக்கு அடித்தளம் போட்டது 1972-இல் வந்த, கல்வி நிறுவனங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்புத் தரும் சட்டம். கல்லூரிகள் பெண்கள் அணிகளுக்குப் பணம் ஒதுக்கின, ஸ்காலர்ஷிப் கொடுத்தன. அதாவது இங்கேயும் செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். மற்ற நாடுகளோ அப்போதுதான் விழித்துக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில் 1921 முதல் அரை நூற்றாண்டு காலம் சங்க மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை. பிரேசிலில் 1979 வரை தடை. அந்தத் தடைகள் போய், ஐரோப்பியக் கிளப்புகள் பெண்களுக்கும் முறையாகப் பயிற்சி தர ஆரம்பித்ததும் இடைவெளி குறைந்துவிட்டது. 2023-இல் அமெரிக்கா இரண்டாவது சுற்றிலேயே வெளியேற, கோப்பையை ஸ்பெயின் தூக்கியது. 2024 ஒலிம்பிக் தங்கத்தை அமெரிக்கப் பெண்கள் மீட்டது பாராட்டத்தக்கது. ஆனால் முன்பு போல எளிதான காலம் இனி இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

1. வளர்த்தவருக்குப் பங்கு கொடுக்க வேண்டும். ஒரு ஆட்டக்காரர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விற்கப்பட்டால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 2019-இல் செல்சி, புலிசிக்குக்காகக் கொடுத்தது 6.4 கோடி யூரோ. அதில் 5 சதவீதம் என்றால் 32 லட்சம் யூரோ! ஆனால் தொழில் போட்டிச் சட்டங்களைக் காரணம் காட்டி அமெரிக்கச் சங்கம் இந்த விதியைப் பல வருடம் ஒதுக்கியே வைத்திருந்தது. 2014-இல் டிஆண்ட்ரே யெட்லின் டாட்டன்ஹாமுக்குப் போனபோது, அவரைச் சிறுவயதில் வளர்த்த கிளப் தன் பங்கைக் கேட்டு ஃபிஃபா வரை போயும் கிடைக்கவில்லை. 2019-இல் எம்.எல்.எஸ். தன் அகாடமிகளுக்காக இந்தத் தொகையைக் கேட்கப்போவதாக அறிவித்தது. பெரிய அணிகளுக்கு நியாயம் என்றால் சின்னக் கிளப்புகளுக்கும் அதே நியாயம்தான். சின்னக் கிளப்பிலிருந்து எம்.எல்.எஸ். அகாடமிக்குப் பையன் போகும்போதும் ஒரு தொகை கொடுக்க வேண்டும். அப்போதுதான் காசில்லாத கெட்டிக்காரப் பையனை இலவசமாகச் சேர்த்துக்கொள்வது கிளப்புக்கு லாபமான வேலையாகும்.

2. பன்னிரண்டு வயது வரை வீட்டுப் பக்கத்திலேயே, குறைந்த செலவில் ஆட வழி வேண்டும். கூடைப்பந்து வளையம் போல ஒவ்வொரு பேட்டையிலும் ஒரு சின்னக் கால்பந்துத் தளம். அமெரிக்க சாக்கர் அறக்கட்டளை 2026-க்குள் ஆயிரம் சிறு தளங்கள் என்று இலக்கு வைத்தது. சரியான திசை. ஆனால் அவ்வளவு பெரிய நாட்டுக்கு ஆயிரம் என்பது தொடக்கம் மட்டுமே.

3. சின்னப் பிள்ளைகளின் லீகில் கோப்பையும் புள்ளிப் பட்டியலும் வேண்டாம். சிறுவர்கள் சிறிய மைதானத்தில் நான்கு பேர், ஏழு பேர், ஒன்பது பேர் என்று வயதுக்கேற்ப ஆட வேண்டும் என்று சங்கம் 2017 முதல் விதி கொண்டு வந்தது. பந்து அதிகம் காலில் படும், கற்றுக்கொள்வது அதிகமாகும். அதே துணிச்சலோடு கோப்பை மோகத்தையும் குறைக்க வேண்டும்.

4. கோச் ஆகும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும். மேல்நிலை லைசென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்த கோச், அதைப் பெற்றோரிடம்தானே திரும்ப வாங்குவார்?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். 2018-இல் சங்கத் தலைவர் தேர்தல் நடந்தபோது அதன் கையிருப்பு சுமார் 15 கோடி டாலர் என்று பேசப்பட்டது. அதே வருடம்தான் 2026 உலகக் கோப்பையைக் கனடா, மெக்சிகோவோடு சேர்ந்து நடத்தும் உரிமையும் கிடைத்தது. 2025-இல் எம்.எல்.எஸ்.-இல் புதிதாக நுழைந்த சான் டியாகோ அணியின் நுழைவுக் கட்டணமே 50 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. பணம் இருக்கிறது. அது மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதை எல்லாம் செய்தால் அமெரிக்கா உடனே உலகக் கோப்பையை வென்றுவிடுமா? வெல்லாது. ஜெர்மனிக்கே பதினான்கு வருடம் ஆனது. காசு கட்டும் பெற்றோர்கள் மீதும் குற்றமில்லை. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான் கட்டுகிறார்கள். தவறு, ஒரு நாட்டின் தேசிய அணிக்கான முதல் தேர்வைக் குடும்ப வருமானத்திடம் ஒப்படைத்த அமைப்பில் இருக்கிறது.

டெம்ப்சி நின்றுபோன காலத்தில் அவரைத் திரும்ப அழைத்துப் போக ஆட்கள் இருந்தார்கள். அதனால் 57 கோல்கள் கணக்கில் ஏறின. அழைத்துப் போக யாரும் இல்லாமல் பத்து வயதிலேயே நின்றுபோன பிள்ளைகள் அடித்திருக்கக்கூடிய கோல்கள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கூவாவில் அந்த இரவு அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கோல்தான்.